துணியில் தங்கும் எண்ணெய்

வேப்பூர் கூட்டு ரோட்டு டீக்கடைகளில் மாஸ்டர் டீ வடிக்கும் நீளமான துணிப் பையைக் கவனியுங்கள். காபிக்கும் அதுபோல் ஒரு பை இருந்தால் இதயத்துக்கு நல்லது என்றால் சிரிப்பீர்கள். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

காபிக்கொட்டையில் எண்ணெய் உண்டு. அதிலுள்ள கஃபெஸ்டால், கஹ்வியால் என்ற இரண்டு பொருள்களும் ரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை ஏற்றுகின்றன. நார்வேயின் டிராம்சோ நகரில் காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று 1983-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் பக்கத்தில் தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வண்டல் அடங்கியதும் வடிகட்டாமலே குடிக்கும் பழக்கம் உண்டு. பழி காபியின் மேல் விழுந்தது. குற்றவாளி வடிகட்டாத எண்ணெய் என்பது பிறகுதான் தெளிவானது.

ஸ்வீடனில் 2025-இல் வெளியான அளவீட்டில், கொதிக்கவைத்த காபியில் லிட்டருக்குச் சுமார் 940 மில்லிகிராம் கஃபெஸ்டால். காகிதத்தில் வடித்தால் 12-க்குள். கொதித்ததையே துணியில் வடித்தபோது 28. அலுவலக இயந்திரக் காபியில் 176 அளவில் இருந்தது. அந்த இயந்திரங்களில் இருப்பது உலோக வடிகட்டி. காகித வடிகட்டி 1908-இல் ஜெர்மனியின் மெலிட்டா பென்ட்ஸ், மகனின் நோட்டிலிருந்த ஒற்றுத்தாளைக் கிழித்துச் செய்தது. கசப்பும் கசடும் பிடிக்காமல் செய்தார். கொலஸ்ட்ரால் அவர் நினைப்பிலேயே இல்லை.

நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரும் உலோகத் துளைதான். எண்ணெயை அது முழுக்க நிறுத்தாது. ஆனால் நாம் டிகாஷனைக் கொஞ்சமாக ஊற்றிப் பாலை நிறைய ஊற்றுகிறோம். தூளில் சிக்கரி வேறு; சட்டம் 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது. சிக்கரியில் கஃபெஸ்டாலும் இல்லை, கஃபீனும் இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடிப்பவர் பயப்பட வேண்டியது டிகாஷனைவிடச் சர்க்கரைக்குத்தான் என்பது என் கட்சி. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே ஏறியிருந்தால் டிகாஷனை நெருக்கமான பருத்தித் துணியில் இன்னொரு முறை வடிக்கலாம். துணியை அன்றன்றே வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் தங்கிய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

எந்தத் துணியும் கஃபீனைப் பிடித்து வைக்காது. வடித்த காபி 150 மில்லியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்டில் 50 முதல் 65 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டி. நாளொன்றுக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது, உடலில் இரும்புச்சத்து சேர்வதை அவை குறைக்கும் என்றும் சொல்கிறது. இட்லி, வடை முடித்த கையோடு காபி கேட்கும் ஊரில் இதை யார் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.