ஒண்ணுல போட்டா 40-ம் ரெடி!

காலேஜ் லேப்ல 40 கம்ப்யூட்டர். திங்கட்கிழமை பிராக்டிகல். அத்தனையிலும் புதுசா ஓ.எஸ். போடணும், கம்பைலர் போடணும், பிரின்டர் டிரைவர் போடணும். மெஷினுக்கு 45 நிமிஷம்னு வெச்சாலே மொத்தம் 30 மணி நேரம். லேப் அசிஸ்டென்ட் சார் துணைக்கு உங்களைத்தான் கூப்பிடுறார். என்ன பண்ணுவீங்க?

ரொம்ப சிம்பிள். ஒரே ஒரு மெஷினை நீட்டா ரெடி பண்ணுங்க. அதோட ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு 'ஜெராக்ஸ்' எடுங்க. மத்த 39-லயும் இறக்குங்க. அந்த ஜெராக்ஸுக்குப் பேர்தான் டிஸ்க் இமேஜ். சரி, எந்த சாஃப்ட்வேரை எடுக்கலாம்?

கோஸ்ட்: இந்த ஏரியாவின் பெரியண்ணன். 1995-ல் நியூசிலாந்தில் பிறந்தது. 1998-ல் சைமன்டெக் வாங்கியது. 'மெஷினை கோஸ்ட் பண்ணிடு' என்று லேப்களில் சொல்லும் அளவுக்குப் பிரபலம். ஆனால், நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013-லேயே நின்றுவிட்டது. பீரோவில் தூங்கும் பழைய சி.டி.யை நம்பி இறங்காதீங்க.

குளோன்ஸில்லா: தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையம் தரும் இலவச சாஃப்ட்வேர். டிஸ்க்கில் டேட்டா இருக்கும் இடத்தை மட்டும் காப்பி பண்ணும், காலி இடத்தைத் தொடாது. இதன் சர்வர் பதிப்பைக் கொண்டு, அந்த மையத்தின் வகுப்பறையில் 41 கம்ப்யூட்டர்களுக்கு 5.6 ஜி.பி. இமேஜை சுமார் 10 நிமிஷத்தில் இறக்கினார்கள். ரகசியம், மல்டிகாஸ்ட். ரேடியோ மாதிரி சர்வர் ஒரு தடவை அனுப்பும், எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். தனித்தனியா அனுப்பினால் நெட்வொர்க்கில் 230 ஜி.பி. ஓடணும்! ஒரு குறை: நீங்க இறக்கப்போகும் டிஸ்க், ஒரிஜினலைவிடச் சின்னதா இருந்தா பொதுவா ஒத்துக்காது.

ஃபாக்: இதுவும் இலவசம். லினக்ஸ் சர்வர் ஒன்றில் போட்டுவிட்டு, பிரவுசரில் இருந்தே எல்லா மெஷினையும் மேய்க்கலாம். மெஷின்கள் நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும். முதல் நாள் செட்டப்புக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். செமஸ்டருக்கு ஒருமுறை லேபைப் புதுப்பிக்கிறவங்களுக்கு இதுதான் வசதி.

விம்: விண்டோஸ் விஸ்டா காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஃபார்மட். டிஸ்க்கை அல்ல, ஃபைல்களைக் காப்பி பண்ணும். அதனால் டிஸ்க் அளவு பெரிய பிரச்னை இல்லை. லேபில் நாலு கம்பெனி மெஷின் கலந்து கிடந்தால் இதைப் பாருங்க. ஆனால், விண்டோஸுக்கு மட்டும்தான்.

ஆக, ஒத்தை மெஷினுக்கு பென் டிரைவில் குளோன்ஸில்லா. லேப் முழுக்க அடிக்கடின்னா ஃபாக். விதவிதமான மெஷின்களில் விண்டோஸ் மட்டும்னா விம்.

எதை எடுத்தாலும் சில விஷயங்கள் மாறாது. ஜெராக்ஸ் மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. முதல் மெஷினில் ஒரு வைரஸ் இருந்தால், 40-லும் அதே வைரஸ். விண்டோஸ் என்றால் இமேஜ் எடுக்கும் முன் சிஸ்பிரெப் ஓட்டுங்க. அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை அதுதான் துடைக்கும். இமேஜ் ஒன்றுதான் என்றாலும் லைசென்ஸ் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியா வேணும்.

எல்லாத்தையும்விட முக்கியம், 'சோர்ஸ்' எது, 'டார்கெட்' எது? மாத்திக் கொடுத்தா, பாடுபட்டு ரெடி பண்ணின ஒரிஜினலே காலி. சரியாகவே கொடுத்தாலும், முழு டிஸ்க்கையும் இறக்கினால் டார்கெட்டில் இருந்த சி, டி டிரைவ் எல்லாமே போயிடும். அந்த டி டிரைவில்தான் யாரோ ஒரு ஃபைனல் இயர் சீனியரோட ஆறு மாச புராஜெக்ட் தூங்கிட்டிருக்கும். அவர்கிட்ட வேற காப்பி இருக்கும்னு என்ன நிச்சயம்?

அதனால ரெண்டு நாள் முன்னாடியே நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டுங்க: 'ஃபைல்களை எடுத்துக்கோங்க'. அதுக்கப்புறம் தட்டுங்க என்டர்!