திருவிளையாடற் கதைகளின் வரிசை: நூல், விழா, திரை

ஆய்வுச் சுருக்கம்

மதுரைச் சொக்கநாதரின் அறுபத்து நான்கு திருவிளையாடல்கள் பரஞ்சோதி முனிவரின் நூலில் ஒரு வரிசையிலும், மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் மற்றொரு வரிசையிலும், 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்தில் வேறொரு வரிசையிலும் அமைந்துள்ளன. இம்மூன்றையும் ஒப்பிட்டு, எவ்வரிசையில் இக்கதைகளை அணுகுவது தக்கது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பரஞ்சோதி முனிவர், ஆவணி மூலம், படலம், கதைக்கொத்து

நூல் வரிசை

பரஞ்சோதியார் தம் நூலை மதுரைக் காண்டம் (18 படலம்), கூடற் காண்டம் (30), திருவாலவாய்க் காண்டம் (16) என மூன்றாகப் பகுத்துள்ளார். இந்திரன் பழி தீர்த்தது முதலாவது. வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்தது இறுதியானது. பாண்டியர் ஆட்சி மரபு இவற்றை ஒன்றோடொன்று கோக்கும் நூலாகிறது. எனினும் இவ்வரிசை ஒன்றே மரபு எனக் கொள்ளல் இயலாது. அவருக்கு முற்பட்ட பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணம், அறுபத்து நான்கு என்னும் எண்ணைப் போற்றினும் வரிசையில் வேறுபடுகிறது. உ.வே. சாமிநாதையர் 1906இல் இந்நூலைப் பதிப்பித்த பின்னர் இவ்வேறுபாடு ஆய்வுலகின் கவனத்திற்கு வந்தது.

வரிசையும் வரலாறும்

வரிசை பற்றிய வினா சுவை சார்ந்தது மட்டுமன்று. இலக்கிய வரலாற்றையும் தொடுவது. பரஞ்சோதியார் நூலில் வாதவூரடிகள் பற்றிய படலங்கள் 58 முதல் 61 வரையும், ஞானசம்பந்தர் பற்றியவை 62, 63 எனவும் அமைகின்றன. மாணிக்கவாசகர் சம்பந்தருக்கு முற்பட்டவர் என்பார் இம்முறைவைப்பையும் சான்றாகக் காட்டுவதுண்டு.

இச்சான்று அந்நூலினுள்ளேயே வலுவிழக்கிறது. பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்கு இறைவன் திருமுகம் கொடுத்த செய்தி 42ஆம் படலத்தில் உள்ளது. பெரியபுராணத்தின்படி சேரமான், சுந்தரரின் தோழர். சுந்தரரோ தம் திருத்தொண்டத்தொகையில் சம்பந்தரைப் போற்றியவர். காலத்தால் பிற்பட்ட சேரமான் 42இலும் முற்பட்ட சம்பந்தர் 62இலும் இடம்பெறுவதால், படல எண்ணைக் காலக்கணக்காகக் கொள்ளுதல் பொருந்தாது. சங்கப் பலகை தந்த நிகழ்ச்சி 51ஆம் படலமாக, அதாவது சேரமானுக்கும் பின்னதாக, அமைவதும் இம்முடிவை உறுதிப்படுத்துகிறது.

விழா வரிசை

ஆவணி மூலத் திருவிழாவில் கரிக்குருவிக்கு உபதேசம் (47), நாரைக்கு முத்தி (48), மாணிக்கம் விற்றது (17), தருமிக்குப் பொற்கிழி அளித்தது (52), உலவாக்கோட்டை அருளியது (38), அங்கம் வெட்டியது (27), வளையல் விற்றது (32), நரியைப் பரியாக்கியது (59), பிட்டுக்கு மண் சுமந்தது (61), விறகு விற்றது (41) ஆகிய லீலைகள் அடுத்தடுத்து நிகழ்த்தப்படுகின்றன. இங்கு வரிசையை ஆள்வது நூலன்று. நாளும் இடமும் ஆகும். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் எழுந்தருள்வதும், புட்டுத்தோப்பில் மண் சுமந்த லீலை நிகழ்வதும் மூல நாளை மையமாகக் கொண்டவை. விழாவின் உச்சம் அந்நாளை ஒட்டி அமைய வேண்டியிருப்பதால் ஏனைய லீலைகள் அதன் முன்னும் பின்னும் இடம்பெறுகின்றன. இதற்கு மாறாக, சித்திரைத் திருவிழா பட்டாபிஷேகம், திக்குவிசயம், திருக்கல்யாணம் என்று தடாதகைப் பிராட்டியார் கதையின் போக்கையே பின்பற்றுகிறது. ஒரே கோயிலில் இருவகை வரிசையும் வழங்குவது கருதத்தக்கது.

திரை வரிசை

ஏ.பி. நாகராசன் இயக்கிய திரைப்படம், பார்வதி முருகனுக்குக் கதை சொல்வதாக அமைந்தது. தருமி கதை, தக்கன் வேள்வி, வலை வீசியது, பாணபத்திரருக்காக விறகு விற்றது என்பது அதன் வரிசை. தக்கன் வேள்வி அறுபத்து நான்கனுள் ஒன்றன்று. ஏனையவை நூலில் 41, 52, 57 என வருவன. படத்தில் 52, 57, 41 என மாறியுள்ளன. நக்கீரரின் சொல்வாதத்தில் தொடங்கி, ஏமநாத பாகவதரின் செருக்கை அடக்கும் இசையில் முடியும் அமைப்பு, காண்போர் சுவையை நோக்கியது. சங்கப் புலவருக்குப் பின் வரகுணன் வருவதால், இவ்விடத்தில் திரை வரிசை நூல் வரிசையைவிட இலக்கிய வரலாற்றுக்கு நெருங்கி நிற்கிறது.

முடிவுரை

மூன்று வரிசைகளிலும் மாறாத கூறு ஒன்றுண்டு. காரண காரியத் தொடர்புடைய கதைகள் முன்பின்னாக மாறுவதில்லை. விழாவில் நரி பரியான பின்னரே மண் சுமத்தல் நிகழ்கிறது. படத்தில் தருமி பொற்கிழி வேண்டிய பின்னரே நக்கீரர் வாதம் எழுகிறது. ஆகவே வரிசையின் அடிப்படை அலகு தனிப்படலம் அன்று, கதைக்கொத்தே ஆகும். கொத்தினுள் வரிசை கட்டாயம். கொத்துகளுக்கிடையே அது நோக்கத்தைப் பொறுத்தது.

முதன்முறை பயில்வோர் தடாதகை, உக்கிரபாண்டியர் கதைகள் (4–15), பாணபத்திரர் கதைகள் (41–44), சங்கப் புலவர் கதைகள் (51–56), வாதவூரர் கதைகள் (58–61), சம்பந்தர் கதைகள் (62–64) ஆகிய கொத்துகளைத் தனித்தனியே பயின்று, பின்னர் முழுநூலை முதலிலிருந்து கற்பது பயன்தரும். பரஞ்சோதியார் அக்கொத்துகளைப் பாண்டியர் மரபால் எவ்வாறு பிணைத்தார் என்பது அப்போது தெளிவாகப் புலப்படும். காலஆய்வு செய்வோரோ படல எண்ணைச் சான்றாகக் கொள்ளாது, ஒவ்வொரு கொத்தின் மூலத்தையும் தனியே ஆராய்தல் வேண்டும்.