கிராஃப்ட் பியர் குடித்தால் ‘தொரை’யா?

நண்பர்கள் கூடும் மேசையில் எல்லாருக்கும் வழக்கமான பியர் வருகிறது. ஒருவர் மட்டும் கிராஃப்ட் பியர் கேட்டு வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்து, “ஆரஞ்சுத் தோல் வாசம் அடிக்குது” என்கிறார். உடனே பதில் வருகிறது: “வந்துட்டாருடா தொரை!”

பந்தா, எக்‌ஷன் என்று வேறு சொற்களும் உண்டு. ஆனால் ‘தொரை’ என்ற சொல்லில்தான் தோட்டத்து வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாசம் எங்கிருந்து வருகிறது?

சிறிய ஆலைகளில், குறைந்த அளவில், பல வகைகளில் காய்ச்சப்படுவது கிராஃப்ட் பியர். 1932-இல் சிங்கப்பூரில் அறிமுகமான டைகர் முதல் நம்மவர் அதிகம் அறிந்தது ‘லாகர்’ வகை. அது பல வகைகளில் ஒன்று மட்டுமே.

கசப்புக்காகப் பியரில் சேர்க்கப்படும் ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் என்ற வாசனைப் பொருள் ஹாப்ஸ் எண்ணெயிலும் இருக்கிறது. கறுப்பாக வறுத்த பார்லி காப்பி மணம் தரும். ஆகவே அந்த நண்பர் கதை விடவில்லை.

ஏன் எரிச்சல்?

ரப்பர் தோட்டங்களில் மதுவும் தரம் பிரிக்கப்பட்டிருந்தது. துரைமார் கிளப்பில் விஸ்கியும் பியரும், தொழிலாளிக்குக் கள்ளுக்கடை. அந்தக் கள்ளு பல குடும்பங்களின் சம்பளத்தைத் தின்றது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடினர்.

இதனால் குடி என்றாலே நமக்கு ஒரு பக்கம் அவமானம், மறுபக்கம் அந்தஸ்து. விலை கூடிய கிளாஸைக் கையில் எடுப்பவர் ‘நம்மை விட்டுப் போகிறார்’ என்று தோன்றிவிடுகிறது. ரசனை வர்க்கத்தைக் காட்டும் அடையாளமாகிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் எழுதியதும் இதைத்தான்.

ஆனால் சுவை பார்ப்பது நமக்குப் புதிதல்ல. இறக்கிய உடனே இனிக்கும் தென்னங்கள்ளு நேரம் ஆக ஆகப் புளிக்கும். ஒரு வாய் குடித்ததும் எப்போது இறக்கிய கள்ளு என்று சொன்ன தாத்தாவை யாரும் தொரை என்று அழைக்கவில்லை.

பந்தா எது?

பிடித்ததைக் குடிப்பது பந்தா அல்ல. பக்கத்தில் இருப்பவரின் கிளாஸைப் பார்த்து “இதெல்லாம் பியரா?” என்று முகம் சுளிப்பதுதான் பந்தா.

பில் வரும்போதும் அது தெரியும். குறைந்த அளவில் காய்ச்சுவதாலும், பல வகைகள் இறக்குமதி என்பதாலும் கிராஃப்ட் பியரின் விலை கூடுதல். பில்லைச் சமமாகப் பிரித்தால், சம்பளம் குறைந்த நண்பர் இன்னொருவரின் ரசனைக்குக் காசு கொடுக்கிறார். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். அடுத்த முறை வரமாட்டார். தன் கிளாஸுக்குத் தானே கொடுத்துவிட்டால் பாதிக் கேலி அடங்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வழக்கமான லாகரில் மதுவின் அளவு சுமார் 5 விழுக்காடு. சில கிராஃப்ட் வகைகளில் அது 8 விழுக்காட்டையும் தாண்டும். கிளாஸை எண்ணிக் குடிப்பவர்கள், போத்தலில் உள்ள எண்ணையும் பார்ப்பது நல்லது. குடித்துவிட்டு வாகனம் ஓட்ட வேண்டாம்.