பிறக்கிராசி ஆகிறதுக்கு எட்டுச் சோதினை

அண்ணனின் மகள் டப்ளினில் இருக்கிறாள். சொலிசிட்டர் ஆவதற்குப் படிக்கிறாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என்ன படிக்கிறாள், எத்தனை வருடம், ஏன் இன்னும் முடியவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. போன வருடம் ஒரு நாள் போன் எடுத்து, "சித்தப்பா, டோர்ட்டில 48. ரெண்டு புள்ளியால போச்சு" என்றாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் 48 என்பது எதற்கு, எத்தனைக்கு, அடுத்து என்ன என்றே தெரியாமல் என்ன ஆறுதலைச் சொல்வது? அன்றிரவுதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்தக் குறிப்புகளைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். இதே நிலையில் வேறு சித்தப்பாமாரும் இருக்கக்கூடும்.

யார் இந்தச் சொலிசிட்டர்?

எங்கள் அம்மா இன்றைக்கும் "பிள்ளை பிறக்கிராசிக்குப் படிக்குது" என்றுதான் சொல்லுவார். அது பிழையில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன: அப்புக்காத்து, பிறக்கிராசி. இரண்டும் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் வந்து எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டவை. அப்புக்காத்து நீதிமன்றத்தில் எழும்பி நின்று வாதாடுகிறவர். பிறக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்து, உறுதி எழுதி, வழக்குக்கான பத்திரங்களைத் தயார் செய்கிறவர். இலங்கையில் 1974 முதல் இரண்டையும் ஒன்றாக்கிச் 'சட்டத்தரணி' என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். அயர்லாந்தில் பிரிவு இன்னும் இருக்கிறது. அங்கே பாரிஸ்டர் ஆகிறவர்கள் கிங்ஸ் இன்ஸ் என்ற பழைய நிறுவனத்தின் வழியாகப் போவார்கள். சொலிசிட்டர் ஆகிறவர்கள் டப்ளின் பிளாக்ஹோல் பிளேஸில் இருக்கும் சட்டச் சங்கத்தின் வழியாகப் போகவேண்டும். அந்தச் சங்கத்தின் வாசலில்தான் இந்தச் சோதினை இருக்கிறது.

அதன் பெயர் எஃப்.ஈ. வன். விரித்தால் 'இறுதிப் பரீட்சை, முதற்பகுதி'. உள்ளே நுழைவதற்கான பரீட்சைக்கு 'இறுதி' என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதி இந்தப் பெயரால் வந்ததுதான். "இறுதிப் பரீட்சை எழுதுறன்" என்று அவள் சொன்னதைக் கேட்டு, அடுத்த மாதம் பெயர்ப்பலகை மாட்டுவாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார்.

எட்டுப் பாடங்கள்

கம்பனிச் சட்டம், அரசியலமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், ஒப்புரவுச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஆதனச் சட்டம், தீங்கியல் சட்டம். கடைசியாகச் சொன்ன தீங்கியல்தான் அவள் சொன்ன டோர்ட். ஒருவரின் கவனக்குறைவால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால் யார் பொறுப்பு என்பது போன்ற விடயங்கள் இதற்குள் வரும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று மணி நேரத் தாள். எட்டுக் கேள்விகளில் ஐந்துக்கு விடை எழுதவேண்டும். சித்திபெற 50 வேண்டும். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். முன்பு முதல் தடவையிலேயே குறைந்தது மூன்று பாடம் சித்தியடையவேண்டும், இல்லாவிட்டால் எழுதினது எதுவுமே கணக்கில் வராது என்று ஒரு கொடுமையான விதி இருந்தது. அது பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் வேறொரு மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருக்கும்: முதல் பாடம் சித்தியடைந்ததிலிருந்து ஏழு வருடத்துக்குள் எட்டையும் முடிக்கவேண்டும்.

சட்டப் பட்டம் தேவையில்லை, இருந்தாலும் சலுகையில்லை

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் படித்தது வரலாறு. சட்டம் படிக்காத ஒரு பட்டதாரியும் நான்கு வருடம் சட்டமே படித்த பட்டதாரியும் இங்கே ஒரே எட்டுத் தாளைத்தான் எழுதுகிறார்கள். சட்டம் படித்தவர் நான்கு வருடம் படித்ததையே திரும்ப எழுதவேண்டும்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. முன்பு அயர்லாந்துக் குடியரசின் குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தப் பரீட்சையிலிருந்து விலக்கு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே சட்டத்தைப் படித்தவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். புளூமர் வழக்கு என்று அதற்குப் பெயர். 1995இல் உயர் நீதிமன்றம், இந்த விலக்கு விதி ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணாக நாட்டுரிமை அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வழக்குப் போட்டவர்கள் கேட்டது "எங்களுக்கும் தாருங்கள்" என்பது. அந்த வழக்குக்குப் பிறகு சட்டச் சங்கம் எடுத்த முடிவோ "ஒருவருக்கும் இல்லை" என்பது. விலக்கை நம்பிப் பட்டப்படிப்பைத் தொடங்கி நடுவில் நின்ற மாணவர்கள் திரும்ப நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு நியாயமான எதிர்பார்ப்பு ஒன்று இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எட்டையும் எழுதத்தான் வேண்டும்.

சமத்துவம் என்றால் எல்லோருக்கும் கதவு திறப்பதாகத்தான் நாங்கள் நினைக்கிறோம். எல்லோருக்கும் கதவைச் சாத்துவதும் சமத்துவம்தான். அதேநேரம் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் எங்கள் பிள்ளை போன்ற ஒரு வரலாற்றுப் பட்டதாரி, சட்டப் பட்டதாரிகளோடு ஒரே வரிசையில் நிற்கிறாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

48 எப்படி வந்தது?

இனி அந்த 48க்கு வருவோம். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 36 நிமிடம்.

அவளிடம் கேட்டேன், "கடைசிக் கேள்வி எழுதினனியோ பிள்ளை?"

"தொடங்கினனான் சித்தப்பா. ரெண்டு வரி எழுதேக்க நேரம் முடிஞ்சுது."

கணக்கைப் பாருங்கள். நான்கு கேள்விகளுக்கு நன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 12 எடுத்தால் 48. பெயில். ஐந்து கேள்விகளுக்கும் அரைகுறையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10 எடுத்தால் 50. பாஸ். நன்றாகத் தெரிந்தவள் வெளியே, சுமாராகத் தெரிந்தவர் உள்ளே. அநியாயம் என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. பிறகு யோசித்தேன். ஐந்து கட்சிக்காரர் வந்து காத்திருக்கிறபோது நான்கு பேருக்கு அருமையாக ஆலோசனை சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளை வாசலோடு அனுப்புகிற பிறக்கிராசியிடம் யார் போவார்கள்?

ஒரு கேள்வியில் 12ஐ 15 ஆக்குவது மிகவும் கடினம். வெறுந்தாளை 8 ஆக்குவது அதைவிட எவ்வளவோ சுலபம். ஆகவே 36ஆவது நிமிடத்தில், வசனம் பாதியில் நின்றாலும், பேனையை அடுத்த கேள்விக்கு நகர்த்தவேண்டும். இதை வீட்டில் மணிக்கூடு வைத்துப் பழகாமல், பரீட்சை அன்று செய்ய முடியாது.

பாடமாக்கினால் போதாது

எங்கள் ஆட்களுக்குப் பாடமாக்குவது கைவந்த கலை. அவளும் ஒரு கொப்பி நிறைய வழக்குகளைப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஆனால் தாளில் வருகிற கேள்விகளில் பெரும்பங்கு கதைகளாக வரும். "மாநகரசபைப் பரிசோதகர் ஒரு கட்டடத்தைச் சரியாகப் பார்க்காமல் அனுமதி கொடுத்தார். சுவர் இடிந்தது. வீட்டுக்காரருக்கு ஆலோசனை சொல்லுக" என்ற மாதிரி.

இதைப் பார்த்தவுடன் பாடமாக்கின பிள்ளை என்ன செய்யும்? 1932ஆம் ஆண்டின் டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை எடுத்து, ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண் குடித்த இஞ்சிப் பியர்ப் போத்தலுக்குள் நத்தை கிடந்த கதையை ஒரு பக்கம் எழுதும். கதை சுவையானது. அயலவருக்குத் தீங்கு வராமல் கவனமாக நடக்கும் கடமை என்ற கொள்கைக்கு அடித்தளமும் அதுதான். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு நத்தையால் என்ன பயன்?

அங்கே தேவைப்படுவது, இன்றைய அயர்லாந்தில் ஒரு பொது அதிகார சபை எப்போது பொறுப்பாகும் என்பது. அதற்குக் கிளென்கார் வழக்கு இருக்கிறது. மேயோ மாவட்டத்தில் தங்கம் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பனி, மாவட்ட சபை சட்டத்துக்கு மாறாகச் சுரங்கத் தடை கொண்டுவந்ததால் தனக்குப் பெரும் நட்டம் என்று வழக்காடியது. 2001இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க மறுத்தது. நட்டம் வரும் என்று முன்கூட்டியே தெரிவதும், இரு தரப்புக்கும் இடையில் நெருக்கமான தொடர்பு இருப்பதும் மட்டும் போதாது. கடமையைச் சுமத்துவது நியாயமாகவும் இருக்கவேண்டும் என்றது. விடையில் செய்யவேண்டியது இந்த அளவுகோலை எடுத்து, இடிந்த சுவருக்குப் பக்கத்தில் வைத்து அளப்பது. பிரச்சினை என்ன, சட்டம் என்ன, இந்தக் கதைக்கு அது எப்படிப் பொருந்துகிறது, ஆகவே முடிவு என்ன. இந்த நான்கு படிகளில் மூன்றாவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

ஆதனச் சட்டத்திலும் இதே கதைதான். ஒருவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, முழுச் சொத்தையும் தம்பிக்கு எழுதிவைத்துச் செத்துப்போகிறார். 1965ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, விருப்புறுதியில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு உரிமை உண்டு. பிள்ளைகள் இல்லையென்றால் பாதி. பிள்ளைகளுக்கோ நிச்சயமான பங்கு கிடையாது. தகப்பன் தன் தார்மீகக் கடமையைச் செய்யவில்லை என்று அவர்கள்தான் நீதிமன்றம் போகவேண்டும். அதற்கும் ஆறு மாதக் காலக்கெடு உண்டு. கேள்வியில் திகதிகள் கொடுத்திருந்தால் அவை அலங்காரத்துக்கு அல்ல. மாதத்தை எண்ணிப் பார்க்காதவர், சட்டம் முழுவதும் தெரிந்திருந்தும் கட்சிக்காரரைத் தோற்கடிக்கிறார்.

லண்டன் புத்தகம் டப்ளினுக்கு உதவாது

லண்டனில் இருக்கும் ஒரு உறவினர் அன்போடு தன் மகனின் குறிப்புகளை அனுப்பிவைத்தார். அங்கே 2021 முதல் எஸ்.கியூ.ஈ. என்ற வேறு பரீட்சை. அதன் முதற்கட்டத்தில் 360 பல்தேர்வுக் கேள்விகள், கட்டுரையே கிடையாது. பரீட்சை மட்டுமல்ல, சட்டமும் வேறு. அயர்லாந்துக்கு 1937இல் எழுதிய அரசியலமைப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி ஒரே ஆவணம் இல்லை. குடிநீரில் புளோரைட் கலப்பதை எதிர்த்து ஒரு குடும்பத் தலைவி போட்ட வழக்கில் அவர் தோற்றார். ஆனால் அதே வழக்கில்தான், அரசியலமைப்பில் எழுதப்படாத உரிமைகளும் உண்டு, உடலுக்கு ஊறு நேராதிருக்கும் உரிமை அதில் ஒன்று என்று அயர்லாந்து நீதிமன்றங்கள் ஏற்றன. 1965ஆம் ஆண்டின் ரயன் வழக்கு அது. இதை லண்டன் குறிப்புகளில் தேடினால் கிடைக்காது.

இரண்டாம் தடவை அவள் மாற்றியது

நான்கு பாடத்தை ஒன்றாகத் தூக்குவதை விட்டாள். பகலில் வேலை, இரவில் படிப்பு என்றிருக்கிறவருக்கு இரண்டு போதும். ஒப்புரவையும் ஆதனத்தையும் சேர்த்து எடுத்தாள், ஒன்றில் படிப்பது மற்றதற்கும் உதவும் என்பதால். ஒரு வழக்குக்கு இரண்டே வரி: என்ன தீர்ப்பு, எந்த மாதிரிக் கதையில் பயன்படும். பரீட்சகர்களின் அறிக்கைகளை, பழைய தாள்களோடு வைத்து வாசித்தாள். ஞாயிறு காலை ஒரு முழுத் தாள், மணிக்கூடு வைத்து. ஒப்புரவு 54, ஆதனம் 57.

எட்டையும் முடித்தால் சொலிசிட்டரா? இல்லை. பயிற்சி கொடுக்க ஒரு அலுவலகத்தைத் தானே தேடிப்பிடிக்கவேண்டும். பிறகு சட்டச் சங்கத்தின் தொழிற்பயிற்சி வகுப்பு, இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம். எட்டையும் சித்தியடைந்து, பயிற்சியிடம் கிடைக்காமல் நிற்கிறவர்களும் உண்டு. ஆகவே கடைசிப் பாடம் முடியும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பங்களைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் பிடித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளை ஒண்டும் சும்மா இருக்கேல்லை" என்றார். அன்றிலிருந்து போனில் "முடிஞ்சுதோ?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இப்ப எத்தினையாவது?" என்று கேட்கிறார். டோர்ட்டை வருகிற தடவை திரும்ப எழுதுகிறாள். இந்த முறை ஐந்தாவது கேள்வியிலிருந்து தொடங்கப் போகிறேன் என்று பகிடி விட்டாள். எதிலிருந்து தொடங்கினாலும் 36 நிமிடம்தான் பிள்ளை என்றேன்.