உயரம் மட்டும் காக்காது

யாழ்ப்பாணத் தீவகத்தில் சுருவில் கிராமம் அமைந்துள்ள வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் 'லைடன்' எனப் பெயரிட்டிருந்தனர். கடல் மட்டத்துக்குக் கீழே பெரும் நிலப்பரப்பைக் கொண்ட அந்நாட்டவர், அணை கட்டுவதில் பேர்போனவர்கள். தரை தாழ்ந்த தீவகத்திலும் உவர்நீர் வயலுக்குள் புகாதிருக்க மண் அணைகள் தேவைப்படுகின்றன. அந்த அணை ஏன் அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருக்கிறது என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நீரின் அமுக்கம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. அசையாது நிற்கும் நீர் கடலாயினும் குளமாயினும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. 1 மீற்றர் ஆழமான நீர், அணையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் சுமார் அரைத் தொன் விசையுடன் தள்ளுகிறது. 2 மீற்றரானால் 2 தொன். 3 மீற்றரானால் நாலரைத் தொன். ஆழம் மூன்று மடங்கானால் தள்ளுவிசை ஒன்பது மடங்காகிறது! அலையின் மோதல் இதற்கு மேலதிகம். ஆகவேதான் அணையை உயர்த்துபவர் அடியையும் அகலப்படுத்த வேண்டும்.

1953 பெப்ரவரி 1ஆம் திகதி அதிகாலையில் நெதர்லாந்தின் அணைகள் உடைந்து 1,836 பேர் மாண்டனர். மேலால் வழிந்த நீர் உட்புறச் சரிவை அரித்ததாலேயே பல அணைகள் சரிந்தன. அதன்பின் டேவிட் வான் டான்சிக் என்ற கணித அறிஞர், அணையை உயர்த்தும் செலவையும் அது உடைந்தால் ஏற்படக்கூடிய இழப்பையும் சேர்த்துப் பார்த்து, இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் உயரமே தகுந்த உயரம் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

அணைக்கு இன்னொரு எதிரி கசிவு. நண்டு வளையும் எலி வளையும் அதற்கு வழி திறந்துவிடும். அணையின் உட்புற அடியில் தெளிந்த நீர் ஊறினால் கண்காணித்தால் போதும். மண்ணோடு கலங்கி வந்தால், அணை உள்ளிருந்தே கரைகிறது என்று பொருள். அப்போது ஊற்றின் வாயை அடைக்கக் கூடாது. நீர் வேறிடத்தால் பீறிடும். சுற்றிவர மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் மட்டம் உயர விடவேண்டும். அந்நீரின் எதிர் அமுக்கத்தால் ஓட்டம் தணிந்து, மண் வெளியேறுவது நிற்கும்.

உவர் புகுந்தால் பயிர் கருகும், கிணறும் உவர்க்கும். பிறகு நன்னீருக்காகக் குடம் சுமந்து நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆகவே, கலங்கிய ஊற்றைக் கண்டால் பேசாமல் கடந்து போகாதீர்கள். அன்றே ஊராருக்குச் சொல்லுங்கள்.