புள்ளி தெரிகிறதா?



ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர் நல்லதா, சுமாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "படம் பளிச்சுன்னு தெரிஞ்சா நல்ல மானிட்டர்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு சின்னப் புள்ளி அந்த நினைப்பை மாற்றிவிட்டது!

என் அம்மா வீட்டிலேயே தமிழ் டைப்பிங் வேலை செய்கிறார். போன மாதம் ஒரு மணிவிழா அழைப்பிதழ் வந்தது. 'நல்வரவை' என்பதில் புள்ளி விட்டுப்போய் 'நலவரவை' என்று 300 பிரதிகள் அச்சாகிவிட்டன. மறுபடி அச்சடித்த செலவு அம்மா தலையில்! "ரெண்டு தடவை பாத்துட்டுதான்டா கொடுத்தேன். இந்தத் திரையில புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியலை" என்று வருத்தப்பட்டார். வேறு மானிட்டர் வாங்கலாம் என்று முடிவானது. எதைப் பார்த்து வாங்குவது என்று விசாரித்தபோது தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. சொந்த அளவு

திரை என்பது கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போல வரிசை வரிசையாக அமைந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். எங்கள் வீட்டு மானிட்டரில் குறுக்கே 1366, நெடுக்கே 768. ஆனால் செட்டிங்கில் பார்த்தால் 1024 x 768 என்று இருந்தது! 3 பேரை 4 நாற்காலியில் பரப்பி உட்கார வைத்தால் எப்படி? ஒருவருக்கும் சரியான இடம் கிடைக்காது. அதுபோல எழுத்து பக்கவாட்டில் இழுபட்டு மங்கிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி ரொம்பச் சின்னது அல்லவா, அதுதான் முதலில் கரைகிறது.

டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருக்கும் அளவே மானிட்டரின் சொந்த அளவு. அதை மாற்றாதீர்கள். எழுத்து பெரிதாக வேண்டுமானால் 'ஸ்கேல்' என்பதைக் கூட்டுங்கள்.

2. எழுத்துச் சோதனை

'கண், கண, பள்ளி, பளளி, ணூ, னூ, ஸ்ரீ' என்று சிறிய எழுத்தில் அடியுங்கள். ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து படியுங்கள். தடுமாறாமல் படிக்க முடிந்தால் பாஸ்! விண்டோஸில் 'கிளியர்டைப்' வசதியையும் சரிசெய்து பாருங்கள்.

3. ஒரே நிறச் சோதனை

திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள். 1920 x 1080 திரையில் மொத்தம் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள். வெள்ளைத் திரையில் கறுப்பாகவே நிற்பது செத்த பிக்சல். கறுப்புத் திரையில் ஒரே நிறத்தில் மின்னிக்கொண்டே இருப்பது மாட்டிக்கொண்ட பிக்சல். கறுப்பு நிறம் வைத்து, அறை விளக்கையும் அணைத்தால், ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

4. கோணச் சோதனை

ஒரு முகப் படத்தை வைத்து, பக்கத்தில் இருந்தும் கீழே இருந்தும் பாருங்கள். டி.என். வகைத் திரையில் கீழிருந்து பார்த்தால் முகம் கறுத்துப்போகும். ஐ.பி.எஸ். வகையில் நிறம் அவ்வளவாக மாறாது. வி.ஏ. வகையில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும்.

5. படிச் சோதனை

கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மெல்ல மாறும் பட்டை ஒன்றை வையுங்கள். 8 பிட் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உண்டு. மாற்றம் வழவழப்பாக இருந்தால் நல்லது. மாடிப்படி மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் படத்திலும் வானம் அப்படித்தான் தெரியும்.

அட்டைப்பெட்டியில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட் 1 கோடிக்கு 1' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். இருட்டுக் காட்சியில் பின்விளக்கைக் குறைத்துக் காட்டும் கணக்கு அது. ஒரே நேரத்தில் திரையில் தெரியும் வித்தியாசம் சாதாரண ஐ.பி.எஸ். திரையில் சுமார் 1000-க்கு 1 தான்.

ரிச்சி தெருவுக்குப் போனால், கடையில் ஓடும் பளபள வீடியோவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தமிழ்ப் பக்கத்தை பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். "பிக்சல் போனா மாத்தித் தருவீங்களா அண்ணா?" என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

நம் பக்கத்து பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறதே, அங்குள்ளது போன்ற பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்களாம். படிப்பவர்தான் இது மெய்யா, உயிர்மெய்யா என்று யூகிக்க வேண்டும். ஓலைக்கு அப்படி ஒரு காரணம் இருந்தது. நம் மானிட்டருக்கு என்ன காரணம்?

சரி, எங்கள் வீட்டில் எந்த மானிட்டர் வாங்கினோம் என்று கேட்கிறீர்களா? வாங்கவே இல்லை! அளவைச் சரிசெய்ததும் பழைய மானிட்டரே எழுத்துச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டது. கோணச் சோதனையில் ஃபெயில்தான், ஆனால் அம்மா நேராக உட்கார்ந்துதானே டைப் செய்கிறார்! மானிட்டருக்கு வைத்திருந்த பணம் அந்த 300 அழைப்பிதழ் செலவுக்குப் போயிற்று. இப்போது அம்மா ஒரு பிரதியைத் தாளில் எடுத்துப் படித்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறார்.

நண்பர்களே, இன்றே உங்கள் வீட்டுத் திரையில் 'கண்' என்று அடித்துப் பாருங்கள். புள்ளி தெரிகிறதா?