கரி அடுப்பில் கிறிஸ்துமஸ் மாட்டிறைச்சி

கிறிஸ்துமஸுக்கு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாகக் கரியில் சுட நினைப்பவர்கள், அமெரிக்கச் சமையல் குறிப்பை அப்படியே பின்பற்றக் கூடாது. அது இரண்டு வயதை ஒட்டிய இளம் மாட்டுக்கு எழுதப்பட்டது. இங்கே 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 10 வயது கடந்து, உழைப்புக்கு உதவாத மாட்டை அறுக்கத்தான் சான்று கிடைக்கும். வயதான தசையில் கொலாஜன் நார் இறுகியிருக்கும். அது இளக, இறைச்சியின் உள்சூடு 80, 90 டிகிரியில் வெகுநேரம் நிற்க வேண்டும். ஆகவே கனிந்த கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, மூடிபோட்டு, கத்தி முனை தடையில்லாமல் இறங்கும்வரை வேகவிடுவதே சரி. கொழுப்பு நெருப்பில் சொட்டாததால் தீங்கான புகையும் குறையும்.

குக்கரில் ஏழெட்டு விசில் விட்டால் போதாதா என்பார்கள். கறி மென்மையாகும், உண்மைதான். ஆனால் மேல்புறம் சிவந்து மொறுமொறுப்பாக, 140 டிகிரிக்கு மேல் உலர்ந்த அனல் வேண்டும். நேரமில்லாதவர்கள் குக்கரில் முக்கால் வேக்காடு எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கரியில் முடிக்கலாம். அதில் குறையொன்றும் இல்லை. கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் இல்லாமல் உயிரைப் பறிக்கும்.